காலி வீட்டின் எடை

எழுபத்திரண்டு மணி நேரம். கட்டடத்தின் எல்லாத் தளங்களும் அவ்வளவு நேரம் தொடர்ந்து பூஜ்யம் காட்ட வேண்டும். ஒரு மணி குறைந்தாலும் போல்ட்டுகள் திறக்காது.

கடல் உள்ளே வர ஆரம்பித்த பிறகு வடசென்னைக் கரையில் கட்டியவை எல்லாம் கழற்றுக் கட்டடங்கள்தான். முன்பு இரும்பு உத்தரத்தின் மேல் கான்கிரீட்டை ஊற்றி, இரண்டையும் ஒரே உடம்பாக இறுக வைத்துவிடுவார்கள். பிரிக்க வேண்டுமானால் உடைக்க வேண்டும். இப்போது கான்கிரீட் பலகைகளைத் தனியாக வார்த்து, உத்தரத்தோடு போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். தண்ணீர் நெருங்கினால் ஆட்களை வெளியேற்றி, வாசலைப் பூட்டி, இயந்திரக் கைகளை வைத்துப் பிரித்துவிடலாம். முப்பது கிலோமீட்டர் உள்ளே கொண்டுபோய் மறுபடி நிறுத்தலாம். அதே உத்தரம், அதே பலகை, அதே குடும்பங்கள்.

வாசலைப் பூட்டிய பிறகு மனிதர் யாரும் உள்ளே போவதில்லை. இயந்திரக் கைக்குக் கண் கிடையாது. பலகையின் மேல் பாயோ பானையோ எது மிஞ்சியிருந்தாலும் சாய்த்துக் கொட்டிவிடும். கொட்டியதெல்லாம் கடல் தடுப்புச் சுவருக்கு நிரப்பு. அதனால்தான் பூஜ்யம் முக்கியம். ஒவ்வொரு பலகையின் நான்கு மூலையிலும் சென்சார் உண்டு. மேலே எவ்வளவு எடை இருக்கிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும்.

எழில் அன்று வந்தது ஒரு புகாருக்காக. பெரியபாளையம் பக்கம், ஐந்து மாதத்துக்கு முன் மறுபடி நிறுத்திய கட்டடம். நான்காவது மாடி, வீட்டு எண் பதினெட்டு. புகாரில் ஒரே வரிதான் இருந்தது: ‘வீட்டில் யாரும் இல்லாதபோது மைனஸ் 42.8 காட்டுகிறது.’

புகாரின் கீழே அவளுடைய மேலதிகாரி சுகுமார் எழுதியிருந்தார்: ‘புதுப் பூஜ்யம் போட்டுவிட்டு வரவும்.’

*

கதவைத் திறந்தவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் தனபாக்கியம். கையில் பாதி உரித்த பூண்டு.

“அஞ்சு மாசமா எய்தி எய்திப் போட்டேன். இப்பத்தான் வயி தெரிஞ்சுதா உங்களுக்கு?”

“சாரிக்கா. புகார் நிறைய.”

“அக்காவா? சரி, உள்ள வா. செருப்பக் கயட்டாத. அதும் கணக்குல வரட்டும்.”

ஹால் காலியாக இருந்தது. வெறுமனே காலி இல்லை. ஒரு நாற்காலி கிடையாது, சுவரில் படம் கிடையாது, மூலையில் துடைப்பம்கூடக் கிடையாது. சாமான்கள் எல்லாம் அடுத்த பலகையில், சமையலறையிலும் அதை ஒட்டிய சின்ன அறையிலும் அடைந்து கிடந்தன. படுக்கை, மிக்ஸி, துணிமூட்டை, கிரைண்டர், எல்லாம்.

“ஹால்ல ஒண்ணும் வைக்கலையாக்கா?”

“வெச்சா நம்பர் மாறிடும்ல.”

வாசற்படி ஹால் பலகையில் சேராது; அங்கே, எழில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அளவுக்குச் சின்னத் திரை. எல்லா வீட்டிலும் உண்டு. பாக்கியம் ஹாலுக்குள் இறங்கி நடுவில் நின்றாள். திரை 12.4 என்றது.

“நான் அம்பத்தஞ்சு கிலோ. இந்த வூட்டுல பன்னெண்டு கிலோதான் கீறேன். மிச்சம் எங்க போச்சு?”

எழில் பதில் சொல்வதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. நைட்டி மேல் துண்டு போட்டுக்கொண்டு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

“ஆபீஸ்லேர்ந்து வந்துட்டாங்களா? அக்கா, சரி பண்ணிடப் போறாங்க, பாத்துக்க. எம் பொண்ணு வளைகாப்பு முடியட்டும்.”

“போடி ரஹ்மத், வந்துட்டா.”

ரஹ்மத் எழிலைப் பார்த்துச் சொன்னாள். “எங்க ஹால்ல பதினஞ்சு பேருக்கு மேல ஏறினா மணி அடிக்குது மேடம். இவங்க ஹால்ல பதினாறு பேர் நிக்கலாம். ஒரு ஆள் ஃப்ரீ. இந்த மாடில எல்லா விசேஷமும் இங்கதான். நாலு நிச்சயதார்த்தம் ஆயிருச்சு.”

“பேய் வூடுன்னு சொன்னவ இவதான். அப்புறம் பந்தி வெக்கறதும் இவதான்.”

“பேயா இருந்தாலும் எடம் குடுக்குதே, அதச் சொல்லு!” ரஹ்மத் சிரித்தாள். எழிலும் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. ரஹ்மத் கதவைச் சாத்திக்கொண்டாள்.

*

எழில் பையிலிருந்து வாசிப்புக் கருவியை எடுத்தாள். திரைக்குக் கீழே செருகினால் பலகையின் ஞாபகம் முழுவதும் திறக்கும். எப்போது வார்த்தது, எந்த உத்தரத்தில் உட்கார்ந்தது, யார் எப்போது என்ன செய்தார்கள் என்பதெல்லாம் பலகைக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். வேறெங்கும் நகல் இல்லை. புதுப் பூஜ்யம் போட்டால் பழையது அழிந்துவிடும்.

அவள் உடனே செருகவில்லை.

“பூஜ்யம்னா இன்னான்னு எனக்குச் சொல்லும்மா,” என்றாள் பாக்கியம். “போன தடவ போன்ல பேசின ஆளு சென்சார் ஃபால்ட்டுன்னு சொல்லிட்டு வெச்சுட்டான்.”

“மார்க்கெட்ல தராசு பாத்திருக்கீங்களா? மேல ஏற்கெனவே ஒரு கூடை இருந்தா, பட்டன அழுத்திப் பூஜ்யம் ஆக்கிட்டு, அப்புறம் காய் போடுவாங்க.”

“பாக்காம இன்னா? இருவது வருசம் மீன் வித்தவ நான்.”

“அந்தக் கூடையை அப்புறம் எடுத்துட்டா தராசு என்ன காட்டும்?”

பாக்கியம் பூண்டைக் கீழே வைத்தாள். பிறகு நினைவு வந்தவளாக அதை எடுத்துச் சமையலறைப் பக்கம் வைத்துவிட்டு வந்தாள்.

“மைனஸ் காட்டும். கூட எவ்ளோ எடையோ, அவ்ளோ மைனஸ்.”

“அவ்வளவுதான்க்கா.”

“அப்ப பூஜ்யம் போடறப்ப என் ஹால்ல ஒரு கூட இருந்துச்சு. நாப்பத்திரண்டு கிலோ எட்டு நூறு.”

“ஏதாவது சாமான்... விட்டுட்டு வந்தது.”

“நான் ஒண்ணும் வுட்டுட்டு வரல. டில்லியத்தான் வுட்டேன்.”

எழில் திரையைப் பார்த்தாள். பாக்கியம் ஹாலிலேயே உட்கார்ந்தாள். 12.4.

“டில்லிபாபு, என் தம்பி. முப்பத்திமூணு வயசு. அவனுக்கு வலிப்பு. ஒடம்புல ஒண்ணும் கெடையாது, காத்தடிச்சா பறந்துடுவான். வூடு மாறுற வாரம் கிளினிக் இட்டுனு போனேன். சீட்டுல நாப்பத்திமூணு கிலோன்னு எய்திக் குடுத்தாங்க. காட்டவா?”

“வேணாம்க்கா.”

“திங்கக்கெயம காலைல எல்லாரும் வெளிய வந்தோம். கேட்ல கார்டு தேய்ச்சு, லாரில ஏறப்போறோம். மாத்திர எங்கடான்னேன். அலமாரி மேல மறந்துட்டேன்னான். போய் எடுத்துனு வாடா சோம்பேறின்னு நான்தான் தள்ளி வுட்டேன். கார்டு தேய்க்காம கேட்டுக்குக் கீய பூந்து ஓடினான். பூட்ட இன்னும் பத்து நிமிசம் இருந்துச்சு.” அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். “லாரி கெளம்பிருச்சு. வேற லாரில வருவான்னு நெனச்சேன். சாயந்தரம், எங்கள எறக்கி வுட்ட ஷெட்ல தேடினா ஆள் இல்ல. ராத்திரி ஏழு மணிக்குத் திரும்பி வந்து கேட்ல கத்தினேன். தொறந்து பாருங்கடான்னேன். ஒரு ஆளு போன்ல யாரையோ கேட்டான். அப்புறம் ஸ்கிரீனத் திருப்பிக் காட்னான். எல்லா வூட்லயும் பூஜ்யம். காலிம்மா, கட்டடம் காலி, உன் தம்பி குடிச்சிட்டு எங்கியாவது கெடப்பான்னான். எந்தம்பி குடிக்க மாட்டான்.”

“போலீஸ்ல?”

“அவங்களும் ஸ்கிரீன்தான் கேட்டாங்க. தானா போயிட்டான்னு எய்திகினாங்க. பத்து மாசம் ஷெட்ல, அஞ்சு மாசம் இங்க. பதினஞ்சு மாசம் ஆச்சுன்னா வூட்டுச் சீட்டுலேர்ந்து பேர அடிச்சிடுவாங்க. வர்ற வெள்ளிக்கெயம அடிக்கிறாங்க.” பாக்கியம் நிமிர்ந்தாள். “எனக்கு வூடு, சீட்டு ஒண்ணும் வேணாம். அவன் ஓடிப் போகலன்னு ஒரு ஆளு எய்திக் குடுக்கணும். அது வரைக்கும் இந்த நம்பர அழிக்காத. நீ அழிக்கத்தான வந்திருக்க?”

எழில் தலையசைத்தாள். ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

“அப்ப நீயும் அந்த ஆபீஸ்தான? எங்க இருந்த?”

“பயிற்சியில இருந்தேன்க்கா.”

*

கருவியைச் செருகியதும் சுகுமாரிடமிருந்து அழைப்பு வந்தது. பலகையைத் திறந்தால் அவருக்குத் தெரிந்துவிடும். எழில் மாடிப்படி பக்கம் போய் நின்று பேசினாள்.

“எழில், பூஜ்யம் போட எவ்வளவு நேரம்மா? ஒரு பட்டன்.”

“பதிவைப் பாத்துட்டிருக்கேன் சார்.”

“அதை ஏன் திறந்தே?”

“மைனஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாக்க.”

“பீரோவா இருக்கும். அரிசி மூட்டையா இருக்கும். ஜனங்க பாதியை விட்டுட்டுத்தான் போவாங்க. நூத்தி இருபது வீட்டுக்கும் மொத்தமா பூஜ்யம் போட்டுட்டுத்தான் மணிக்கணக்கை ஆரம்பிக்கிறோம். எல்லாக் கட்டடத்துலயும் அப்படித்தான். ஓடு ஒட்டியிருப்பான், பரண் கட்டியிருப்பான், ஒவ்வொண்ணா போய்ப் பாக்க முடியுமா?”

“பூஜ்யம் போட்டது திங்கள் சாயந்தரம் ஆறு மணிக்கு சார். அதுக்கப்புறம் எடை குறையுது.”

“குறையட்டுமே.”

“மணிக்கு முப்பத்தஞ்சு கிராம். ஒரே சீரா.”

“கான்கிரீட் காயுது.”

“பதினோரு வருஷத்துக் கான்கிரீட் சார்.”

மறுமுனையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

“எலி அரிசியைத் தின்னுருக்கும்.”

“எலி தின்னாலும் எடை தளத்துலதான் சார் இருக்கும்.”

“நீ பி.எஸ்சி. பிசிக்ஸ்தானே? சும்மா சொல்லாதே.”

“சும்மா படுத்திருந்தாலே மனுஷன் மணிக்கு முப்பது, நாப்பது கிராம் குறைவான் சார். மூச்சுல போற ஈரம். தோல்ல போற ஈரம். நான் தேடிப் படிச்சிருக்கேன்.”

“எப்போ படிச்சே?”

எழில் கீழ்ப்படிகளை எட்டிப் பார்த்தாள்.

“எழில்.” அவர் குரல் இறங்கியது, அப்பாவின் குரல்போல. “பதிவுல பூஜ்யம் போட்டவங்க ஊழியர் எண்ணும் இருக்கும். பார்த்தியா?”

“பார்த்தேன் சார்.”

“அப்ப உனக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டரை கிலோ வரைக்கும் ஏறி இறங்கினா பரவாயில்லை, அதுதான் எல்லை. அது அந்த எல்லையைத் தாண்டலை. விதிப்படி அது பூஜ்யம்தான். போட்டுட்டு, அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வா. உன் நல்லதுக்குச் சொல்றேன்.”

போன் அணைந்தது. கீழே எங்கோ குழந்தைகள் படிக்கட்டில் ஒரே நேரத்தில் குதித்தார்கள். அது உத்தரத்தின் வழியாக மேலே வந்து அவள் பாதத்தைத் தொட்டுவிட்டுப் போனது. இரும்பில் எதுவும் தங்குவதில்லை.

*

எழில் திரும்பி வந்தபோது பாக்கியம் சமையலறை ஓரத்தில் நின்றிருந்தாள். ஹாலில் யாரும் இல்லை. திரை மைனஸ் 42.8 என்று ஒளிர்ந்தது.

எழில் கருவியின் முன் குந்தி உட்கார்ந்தாள். புதுப் பூஜ்யத்துக்கான பட்டன் பச்சையாக இருந்தது. அதன் மேல் கட்டைவிரலை வைத்தாள். அழுத்தவில்லை, எடுக்கவுமில்லை.

பதிவில் எடை மட்டுமில்லை. நான்கு மூலைக்கும் நான்கு எண்கள் இருந்தன. எந்த மூலையில் அதிகம், எந்த மூலையில் குறைவு என்று பார்த்தால், எடை பலகையில் எந்த இடத்தில் இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு பீரோ வைத்த இடத்திலேயே இருக்கும்.

“இன்னாம்மா அது? கோடு மாதிரி கீது.”

எழிலுக்குத் தெரியாமலே பாக்கியம் பின்னால் வந்து நின்றிருந்தாள். மூச்சில் பூண்டு வாசம்.

“இது... ஹால்க்கா. மேலேர்ந்து பாத்தா.”

“அந்தப் புள்ளி?”

“எடை இருந்த இடம்.”

“புள்ளி இல்லியே. இயுத்த மாதிரி கீதே.”

எழில் எழுந்தாள். சுவரோரமாகப் போய், அடிகளை எண்ணிக்கொண்டு ஹாலுக்குள் நடந்தாள். பழைய வீட்டில் அலமாரி இருந்த மூலை. அதிலிருந்து இரண்டு அடி. அங்கே நின்றாள். திரை 8.7 ஆனது. எழில் ஐம்பத்தொன்றரைக் கிலோ.

“இங்க ஆரம்பிக்குது.”

“அலமாரிகிட்ட.”

“ஆமாக்கா.”

எழில் நகர்ந்தாள். மிகச் சின்ன அடி. இன்னொன்று. “முதல் ராத்திரி இது வரைக்கும். மறுநாள் மத்தியானம் இது வரைக்கும்.” திரையில் எண் மாறவில்லை. அவள் வாசலைப் பார்த்து இன்னும் ஒரு அடி வைத்து நின்றாள். “இதுக்கப்புறம் நகரலை.”

கதவுக்கும் அவள் நின்ற இடத்துக்கும் நடுவே நான்கடி இருந்தது. பாக்கியம் அந்த நான்கடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. குனிந்து, எழில் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் தரையை உள்ளங்கையால் தொட்டாள். சூடு பார்ப்பதுபோல.

“இங்கதான் எல்லாரும் பந்தி வெச்சோம்,” என்றாள்.

ரஹ்மத் வீட்டில் குக்கர் விசிலடித்தது.

“வலிப்பு வந்து வுயுந்திருப்பான். தல பட்டிருக்கும். அப்புறம் எயுந்திருக்க முடியாம நவுந்திருக்கான்.” அவள் தனக்குத்தானே பேசுவதுபோலப் பேசினாள். “எவ்ளோ நேரம்?”

“பூஜ்யம் போட்டதுலேர்ந்து அறுபத்தொரு மணி நேரம்க்கா. அதுக்கப்புறம் எடை குறையறது நின்னுபோச்சு.”

“அறுவத்தொண்ணு.” பாக்கியம் விரல்களை மடக்கினாள். மீன் கணக்குப் போடும் வேகம். “திங்க, செவ்வா, பொதன். வியாயக்கெயம காத்தால. நான் மூணு நாளும் அந்த கேட்லதான் ஒக்காந்துனு இருந்தேன்.”

“தெரியும்க்கா.”

சொல்லிய பிறகுதான் எழில் அந்த வார்த்தையைக் கேட்டாள். பாக்கியம் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

“அந்த ஸ்கிரீனு முன்னாடி ஒரு ஆளாவது ஒக்காந்திருக்கும்ல? எடை கொறையுதுன்னு ஒரு ஆளாவது பாத்திருக்கும்ல? இல்ல, எல்லாம் மிஷினுதானா? மிஷினுதான்னு சொல்லிடு. மிஷினுன்னா எனக்கு ஆறிடும்மா.”

எழில் கருவியைப் பார்த்தாள். பச்சைப் பட்டன் இன்னும் காத்திருந்தது. அழுத்தினால் போதும். பதினாறாவது ஆளுக்கு மணி அடிக்கும், வெள்ளிக்கிழமை ஒரு பேர் போய்விடும், சுகுமார் சார் எதுவும் கேட்க மாட்டார். மிஷின்தான்க்கா என்று சொன்னால் இவள் நம்புவாள். நம்பத் தயாராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

எழில் கருவியைச் சுவரிலிருந்து உருவினாள். பையில் போடவில்லை. பாக்கியத்தின் மடியில் வைத்தாள்.

“இதுல எல்லாம் நகல் ஆகியிருக்கு. பலகைலயும் இருக்கு. யாரையும் அழிக்க விடாதீங்க. வெள்ளிக்கிழமை நானும் வரேன், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“நீ ஏம்மா கையெயுத்துப் போடற? உன் வேல பூடும். அந்த ஆளு யாருன்னு சொல்லு, போதும்.”

எழில் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கடைசி இடத்தில். பிறகு சொன்னாள். சின்னக் குரலில், ஆனால் முழுசாக.

“அந்தப் பூஜ்யத்தைப் போட்டது நான்தான்க்கா. அது தெரியாம போட்டது. செவ்வாக்கிழமை மத்தியானம் பன்னெண்டு மணிக்கு எடை குறையறதைப் பாத்தேன். புத்தகத்துல தேடிப் படிச்சேன். படிக்கட்டுல சென்சார் கிடையாது, பின்வாசல் சாவியை எடுத்துட்டு நாலாவது மாடிக்கு ஏறி வந்து உங்க கதவு முன்னாடி நின்னேன். கதவைத் திறந்தா எழுபத்திரண்டு மணியும் முதல்லேர்ந்து ஓடணும், திட்டுவாங்கன்னு பயந்து இறங்கிப் போயிட்டேன். உள்ள உங்க தம்பி உயிரோட இருக்கார்னு எனக்கு அப்பவே தெரியும்.”